சாக்பீஸில் எழுதினால் பயங்கரவாதமா?

ஓசூர் பஸ் நிலையத்தில் நான்கு மாணவர்கள் நின்று துண்டறிக்கை கொடுக்கிறார்கள், தரையில் சாக்பீஸால் எழுதுகிறார்கள், கோஷம் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். போலீஸ் வந்து கலைந்து போகச் சொல்லும். மறுத்தால் மண்டபத்தில் வைத்திருந்து சாயங்காலம் விட்டுவிடும். நமக்குத் தெரிந்த நடைமுறை இதுதான்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நான்கு பேர் ஏறக்குறைய இதைத்தான் செய்தார்கள். விலங்குகளைச் சோதனைக்குப் பயன்படுத்தாதீர்கள் என்று ஆராய்ச்சியாளர்களின் வீடுகளுக்கு முன்னால் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு கோஷம் போட்டார்கள். நடைபாதையில் சாக்பீஸால் எழுதினார்கள். 2009-ல் அவர்கள் மீது போடப்பட்ட வழக்கு, 'விலங்குத் தொழில் பயங்கரவாதச் சட்டம்' என்ற 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ். லாபம் குறைந்தால் அதையும் சேதக் கணக்கில் சேர்க்கும் சட்டம் அது. அமைதியான மறியலுக்குத் தடையில்லை என்று அதிலேயே ஒரு வரி உண்டு. அந்த வரி இவர்களைக் கைதிலிருந்து காப்பாற்றவில்லை. என்ன குற்றம் செய்தார்கள் என்று குற்றப்பத்திரிகை தெளிவாகச் சொல்லவில்லை எனக் கூறி 2010-ல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது.

"விலங்குக்காகப் போராடுகிறவர்களுக்காக நாம் ஏன் பேச வேண்டும்?" என்று நம் தெருவில் ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்விதான். விலங்கின் பெயரால் அடி வாங்கியவர்கள் நாம். 2016-ல் குஜராத்தின் உனாவில், செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களைக் காரில் கட்டிவைத்து அடித்ததை நாடே வீடியோவில் பார்த்தது. ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளிக்குள் நுழைந்தால் கர்நாடகத்தின் 2020-ஆம் ஆண்டுப் பசுவதைத் தடைச் சட்டம் நிற்கிறது. அங்கே மாட்டை அறுத்தால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. உத்தரப்பிரதேசத்தில் 2020 ஆகஸ்ட் வரை தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் அடைக்கப்பட்ட 139 பேரில் 76 பேர் மீதான குற்றச்சாட்டு பசுவதை.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே விலங்கைக் கொல்லாதே என்றவர் பயங்கரவாதி. இங்கே மாட்டை அறுத்தவர் தேசத்துக்கு ஆபத்தானவர். ஆக, விலங்கு இதில் ஒரு சாக்கு மட்டுமே. யாருடைய வியாபாரத்துக்கோ அதிகாரத்துக்கோ ஒருவர் இடைஞ்சலாகிறாரோ, அவர் மீது மிகப் பெரிய சட்டத்தைத் தூக்கிப் போடுவதுதான் வழி. நம் நாட்டின் உபா சட்டத்திலும், 2012-ல் வந்த திருத்தம் 'பொருளாதாரப் பாதுகாப்பு' என்ற சொல்லைப் பயங்கரவாத விளக்கத்துக்குள் கொண்டுவந்தது.

இது எங்கோ நடக்கும் கதை இல்லை. திருவண்ணாமலை மாவட்டம் செய்யாறு பக்கம் மேல்மாவில் சிப்காட்டுக்காக 3,000 ஏக்கருக்கு மேல் நிலம் எடுப்பதை எதிர்த்து விவசாயிகள் நூறு நாளுக்கு மேல் போராடினார்கள். 2023 நவம்பரில் ஏழு பேர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. எதிர்ப்பு கிளம்பியதும், இரண்டே நாளில் ஆறு பேர் மீதான உத்தரவை அரசே திரும்பப் பெற்றது. இரண்டு நாளில் திரும்பப் பெற முடிந்த உத்தரவுக்கு அவசியம்தான் என்ன இருந்தது? நம் மாவட்டத்திலும் உத்தனப்பள்ளி, நாகமங்கலம் பக்கம் சிப்காட்டுக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து விவசாயிகள் நாள்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். மேல்மா செய்தி அவர்கள் காதில் எப்படி விழுந்திருக்கும்?

கல் எறிவதை அமைதிப் போராட்டம் என்று நாம் சொல்லவில்லை. 2023 பிப்ரவரி 2-ஆம் தேதி கோபசந்திரத்தில் எருது விடும் விழாவுக்கு அனுமதி தாமதமானதால் ஓசூர்-கிருஷ்ணகிரி நெடுஞ்சாலை மணிக்கணக்கில் முடங்கியது; கற்களும் பறந்தன. அதைத் தண்டிக்கச் சாதாரணச் சட்டங்களே இருக்கின்றன. அதில் போலீஸ் சாட்சி கொண்டுவர வேண்டும், வழக்கை நிரூபிக்க வேண்டும். குண்டர் சட்டத்தில் அந்த வேலை இல்லை. விசாரணை இல்லாமலே ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம்.

அந்த ஓராண்டு எல்லோருக்கும் ஒன்றல்ல. பட்டா உள்ளவருக்கு நிலம் போனால் இழப்பீடாவது வரும். அதே நிலத்தில் கூலி வேலை செய்யும் நம் ஆட்களுக்கு வேலை போவதுதான் மிச்சம். அவர்களில் ஒருவர் உள்ளே போனால் அன்று சாயங்காலமே அடுப்பு எரியாது. ஆட்கொணர்வு மனுப் போடச் சென்னை வரை போக வேண்டும். வக்கீலுக்குப் பணம் எங்கிருந்து வரும்?

கைதானவருக்குக் காரணம் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்ற பாதுகாப்பை 1949 செப்டம்பரில் அரசியல் நிர்ணய சபையில் முன்வைத்தவர் அம்பேத்கர். அரசியல் சட்டத்தின் அந்த 22-வது பிரிவிலேயே தடுப்புக் காவலுக்கு விலக்கும் இருக்கிறது. ஆனாலும் தடுப்புக் காவலில் இருப்பவருக்குக் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும். அதை எதிர்த்து மனுக் கொடுக்கும் உரிமையும் அவருக்கு உண்டு. மாணவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு ஊரில் சொல்ல வேண்டும்.

நிலம், கூலி, கோயில் நுழைவு, சுடுகாட்டுப் பாதை என்று எதற்காக அமைதியாக உட்கார்ந்தாலும் அவர்கள் மீது குண்டர் சட்டம் வராது என்று அரசு எழுத்தில் சொல்லட்டும். அதைக் கேட்கும் உரிமை நமக்கு வேண்டுமானால், மாட்டுக்கறி சாப்பிடும் நாம், மாட்டைக் கொல்லாதே என்று துண்டறிக்கை கொடுப்பவருக்காகவும் பேசத்தான் வேண்டும். அவரோடு வாதம் செய்வோம். ஆனால் அவரைப் பயங்கரவாதி என்று சொல்ல விட்டால், அடுத்து அந்தப் பெயர் நம் தெருவுக்குத்தான் வரும்.