துடுப்பு எங்கே?

பெருங்கடல்களைத் தன்னந்தனியே கடந்த ஒருவர், தீவின் நடுவே கிடந்த காயலைக் கடக்கப் போய் உயிரிழக்கப் பார்த்தார் என்றால் நண்பர்கள் சிரிக்கக்கூடும். ஆனால் அது நடந்ததே. எழுதி வைத்தவரும் அவரேதான்.

அவர் ஜோஷுவா ஸ்லோகம். உலகைத் தனியாளாகப் பாய்மரக் கலத்தில் சுற்றிவந்த முதல் மாலுமி. 1895-இல் பாஸ்டன் துறையினின்று புறப்பட்டு, ஏறத்தாழ 46,000 மைல் ஓடி, 1898-இல் நாடு திரும்பினார். 'ஸ்பிரே' என்னும் அவருடைய கலம் 37 அடிக்கும் சற்றுக் குறைந்த நீளமுடையது. முழுப் படகு ஒன்றை அதில் ஏற்ற இடமில்லை. ஆகவே ஒரு பழைய படகைக் குறுக்கே இரண்டாக அறுத்து, அறுத்த பக்கத்தைப் பலகையால் அடைத்து, அந்தப் பாதிப் படகையே கரைக்குப் போய்வர வைத்துக்கொண்டார். அத்தனை முன்யோசனைக்காரர் அவர்!

1897 ஜூலையில் அவர் இந்தியப் பெருங்கடலிலுள்ள கோகோஸ் என்னும் கீலிங் தீவுகளை அடைந்தார். 2,700 மைலை 23 நாளில் கடந்து வந்திருந்தார். அத்தனை நாளிலும் சுக்கானைத் தொட்ட நேரம் மூன்று மணிக்கு மேல் இல்லையாம். இனி என்ன பயம்? காயல் அமைதியானது, சுற்றிலும் பவளத்திட்டும் தென்னையும். ஒருநாள் உடன் ஓர் ஆப்பிரிக்கருடன், ஆட்டங்கண்ட ஒரு சிறு படகில் ஏறி அக்கரைக்குப் புறப்பட்டார். நடுவழியில் சூறைக்காற்று வீசிற்று. இற்றுப்போயிருந்த பாய் பறந்தது. படகு கடலை நோக்கி ஒதுங்கிற்று. அப்போதுதான் பார்த்தார்: படகில் ஒரு துடுப்புக்கூட இல்லை! நங்கூரம் இருந்தது, அதைக் கட்டி இறக்கப் போதிய கயிறு இல்லை. குடிநீர் ஒரு சொட்டும் இல்லை. காற்று தள்ளிய திசையில் அடுத்த நிலம் மூவாயிரம் மைலுக்கு அப்பால் ஆப்பிரிக்கா. நல்லவேளையாகக் கிடந்த ஒரு கழியே துடுப்பாயிற்று. காற்றும் சற்றுத் திசை மாறிற்று. தரை தட்டும் நீருக்கு வந்து பிழைத்தார்கள்.

உடனிருந்தவரை நான் நம்பினேன், ஒருவேளை அவர் என்னை நம்பியிருக்கலாம் என்று ஸ்லோகம் ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்டது பெருமைதான். ஆயினும் அந்த ஆப்பிரிக்கரைச் சிந்தனையில்லாதவர் என்று எழுதியது நியாயமன்று என்பேன். நூலில் அவருக்குப் பெயரும் இல்லை. அன்று ஸ்லோகத்துக்கு வயது 53. வாழ்நாளைக் கடலிலேயே கழித்தவர். அறிந்தவன் பாராமல் விட்டதற்கு அறியாதவன் மீது பழி போடலாமா?

இன்றும் இந்தியப் பெருங்கடலைக் கடக்கும் பாய்மரப் படகினர் அங்கே டைரக்ஷன் தீவின் அருகே நங்கூரமிடுகிறார்கள்; பவளம் காணவும், மக்கள் வாழும் ஹோம் தீவுக்குச் செல்லவும் இயந்திரம் பொருத்திய சிறு படகில் இறங்குகிறார்கள். இயந்திரம் நின்றால் அவர்களுக்கும் அதே கேள்விதான்: துடுப்பு எங்கே?

இதில் விஞ்ஞான மாணவனுக்கு என்ன என்று கேட்பீர்கள். சென்ற பருவத்தில் ஓர் இரவு, ஆய்வுக்கூடத்தில் நானும் நண்பர் ஒருவரும் கரைப்பான் ஒன்றை வடித்துக்கொண்டிருந்தோம். குளிர்விப்பானுக்கு அவர் தண்ணீர் திறந்திருப்பார் என்று நானிருந்தேன். நான் திறந்திருப்பேன் என்று அவரிருந்தார். மூக்கில் ஏறிய நெடி எங்களைக் காப்பாற்றிற்று. கடினமான சோதனையென்றால் இருவரும் மும்முறை பார்த்திருப்போம். எளிய வேலை என்பதால்தான் ஒருவரும் பார்க்கவில்லை.

தைப் பொங்கலுக்கு நம் சங்கத்தார் கங்கையில் படகேறப் போகிறோம். முதலாண்டுத் தம்பி தங்கையரும் வருவார்கள். நீந்தத் தெரியாதவர் பலர். என் வேண்டுகோள் ஒன்றே. ஒவ்வொரு படகுக்கும் மூத்த மாணவர் ஒருவரைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்குங்கள். துடுப்பு, கயிறு, ஆளுக்கொரு மிதவைச் சட்டை ஆகியவற்றை அவர் தம் கையால் தொட்டு எண்ணிய பிறகே படகை அவிழ்க்கட்டும். படகோட்டியை நம்பாமல் சொல்லவில்லை. அவர் நம்மை நம்பிக்கொண்டிருந்தால் என்ன செய்வது என்பதற்காகவே சொல்கிறேன்.