கொக்கோவும் கோட்டையும்



ஆப்பிரிக்க நாடுகளின் வறுமையைப் பற்றிப் பேச்செழும்போது, அங்குள்ளோர்க்கு ஆளத் தெரியவில்லை என்று எளிதாகத் தீர்ப்புக் கூறிவிடுகிறோம். அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் பேட்ஸ் 1981-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு நூல் இத்தீர்ப்பை ஏற்க மறுக்கிறது. உழவரை வாட்டிய கொள்கைகள் அறியாமையின் விளைவல்ல, ஆட்சியில் நிலைத்திருக்க விரும்பியோர் கணக்கிட்டுச் செய்தவை என்பதே அவர்தம் முடிபு.

கானா நாட்டை எடுத்துக்கொள்வோம். நம் பிள்ளைகள் விரும்பியுண்ணும் சாக்லேட்டின் மூலப்பொருளாகிய கொக்கோவே அந்நாட்டின் பெருஞ்செல்வம். ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில், 1947-இல், அதனைக் கொள்முதல் செய்ய ஒரு வாரியம் அமைந்தது. உலகச் சந்தையில் விலை ஏறும்போது ஒரு பகுதியைச் சேமித்து, இறங்கும்போது உழவருக்கு ஈடுசெய்வது அதன் நோக்கமெனப்பட்டது. நல்ல நோக்கந்தான். ஆனால் பெட்டி நிறைந்தபின் திறவுகோல் எவர் கையில் என்பதையும் பார்க்கவேண்டுமல்லவா?

1954-இல் உலக விலை உயர்ந்து நின்றது. அவ்வேளையில் நக்ரூமாவின் அரசு, 60 ராத்தல் சுமைக்கு 72 ஷில்லிங் மட்டுமே என்று நான்காண்டுகளுக்கு விலையைக் கட்டிவைத்தது. எஞ்சியது நாட்டு வளர்ச்சிக்கு என்றனர். சினங்கொண்ட உழவரின் ஆதரவுடன் குமாசி நகரில் ஓர் எதிர்ப்பியக்கம் தோன்றியது. ஆயினும் 1957-இல் விடுதலை பெற்றபின், வட்டார அடிப்படையிலான கட்சிகளைச் சட்டம் தடைசெய்தது.

உழவர் தொகையில் மிகுந்தோர் ஆயிற்றே, அவர்களைப் பகைக்க ஆட்சியாளர் ஏன் அஞ்சவில்லை? அவர்கள் சிற்றூர்களில் சிதறிக்கிடந்தனர். நகரத் தொழிலாளரும் படைவீரரும் அலுவலரும் தலைநகரிலேயே இருந்தனர். அவர்கள் வெகுண்டெழுந்தால் ஆட்சி ஆட்டங்காணும். பேட்ஸ் இன்னுமொரு நுட்பத்தையும் காட்டுகிறார். விலையை உயர்த்தினால் ஆதரவாளன், எதிராளி என்ற வேறுபாடின்றி எல்லா உழவரும் பயன்பெறுவர்; எவரும் ஆட்சியாளருக்குக் கடமைப்பட மாட்டார். விலையைக் குறைத்துவிட்டு, மலிவு உரத்தையும் கடனையும் வழங்கினாலோ, வேண்டியவனுக்குக் கொடுக்கலாம், வேண்டாதவனுக்கு மறுக்கலாம். வாங்கியவன் வாய்திறவான்! பொருளாதார நோக்கில் வீணாகத் தோன்றுவது அரசியல் நோக்கில் ஆதாயமாகிறது.

உழவர் கூட்டங்கூட்டவில்லை, வேறு வழி தேடினர். மரங்களைப் பேணாது விட்டனர். மூட்டைகளை இரவோடிரவாக எல்லை கடத்தி ஐவரி கோஸ்ட்டில் விற்றனர். 1964-65-இல் ஐந்தரை லட்சம் டன்னாக இருந்த விளைச்சல், 1983-84-இல் 1.6 லட்சம் டன்னாகச் சுருங்கியது. வறட்சிக்கும் காட்டுத்தீக்கும் இதில் பங்குண்டு என்பதை மறைத்தலாகாது. எனினும், பின்னர் உழவருக்குரிய விலையை உயர்த்தியபோது விளைச்சலும் மீண்டது. 2010-11-இல் பத்து லட்சம் டன்னைக் கடந்தது.

அண்டையிலிருந்த ஐவரி கோஸ்ட்டிலும் விலையை அரசே விதித்தது. ஆனால் அதிபர் ஊஃபுவே-புவாஞி தாமே தோட்டக்காரர். 1944-இல் பயிரிடுவோர் சங்கத்தைத் தொடங்கியவர். அங்கே உழவர் கை அத்துணை வன்மையாகப் பிழியப்படவில்லை. 1970-களின் இறுதியில் கொக்கோ விளைச்சலில் அந்நாடு கானாவை முந்தியது. உலக விலை சரிந்த 1989-இல், அவரும் உழவர் விலையைப் பாதியாகக் குறைத்தார்.