தோடு கழன்றது, சாதி கழலவில்லை

கிறிஸ்தவ மாத இதழ்களின் பின்பக்கங்களில் வரும் திருமண விளம்பரங்களைப் படித்திருப்பீர்கள். இரட்சிக்கப்பட்டவர், ஞானஸ்நானம் எடுத்தவர், அபிஷேகம் பெற்றவர், நகை அணியாதவர், ஆவிக்குரிய குடும்பம் என்று தகுதிகள் வரிசையாக வரும். அதோடு சேர்ந்து சாதிப் பெயரும் வரும். சிலவற்றில் உட்பிரிவுகூட உண்டு. எழுதிக் கொடுத்தவருக்கும் அச்சடித்தவருக்கும் இது உறுத்துவதில்லை. வாசிக்கிற நமக்கும் உறுத்துவதில்லை.

உறுத்தாததற்குக் காரணம் ஒரு நம்பிக்கை. சேலம், ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு என்று இந்தச் சமவெளியில் எந்தச் சபையில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். "அவர் மாம்சத்துல நடக்குறாரு" என்றால், சினிமா பார்க்கிறார், குடிக்கிறார் என்று பொருள். பெண்ணாக இருந்தால் தோடு போடுகிறாள், பூ வைக்கிறாள் என்று பொருள். சில இடங்களில் காய்ச்சலுக்கு மாத்திரை போட்டதும் அந்தக் கணக்கில் சேரும். ஆவிக்குரியவர் என்றால் உபவாசம் இருப்பவர், முழு இரவு ஜெபத்தில் கண் விழிப்பவர், அந்நியபாஷை பேசுபவர். சுருக்கமாக, உடம்பு எதிரி. அதை அடக்கியவர் பரிசுத்தவான். இந்த நம்பிக்கை தவறு. பவுல் சொன்னதற்கே விரோதமானது.

உபவாசத்தையும் ஜெபத்தையும் நான் பழிக்கவில்லை. டாஸ்மாக்கில் கூலியைத் தொலைத்துவந்த லாரி டிரைவரோ தறிக்காரரோ சபைக்கு வந்து குடியை விட்டால், அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது. அதன் அருமை அவர் மனைவிக்குத் தெரியும். குடியை விட்டது நல்லதுதான். குடியோடு மாம்சம் முடிந்துவிட்டது என்று நினைப்பதுதான் கோளாறு.

கலாத்தியர் 5ஆம் அதிகாரத்தில் மாம்சத்தின் கிரியைகளைப் பவுல் பட்டியல் போடுகிறார். நம் கையில் இருக்கும் பழைய தமிழ் வேதாகமத்தில் எண்ணினால் பதினேழு வரும். காமம் சார்ந்தவை நான்கு, குடியும் கும்மாளமும் இரண்டு, விக்கிரகமும் சூனியமும் இரண்டு. மீதி ஒன்பதும் மனிதன் மனிதனுக்குச் செய்வது: பகை, பொறாமை, கோபம், கட்சி கட்டுதல், பிரிந்து நிற்றல் என்று கொலைவரை போகிறது. பாதிக்கு மேல் இருப்பதை விட்டுவிட்டு மீதியை மட்டும் பிரசங்கிக்கிறோம். தோடு அந்தப் பட்டியலிலேயே இல்லை.

அந்த நிருபம் எழுந்த சூழலைப் பாருங்கள். அந்தியோகியாவில் யூதரல்லாத விசுவாசிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பந்தியிலிருந்து விலகிக்கொண்டார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் கண்டித்தார். பந்தியில் பிரிந்து உட்கார்ந்ததும் விருத்தசேதனப் பெருமையும்தான் அங்கே பிரச்சினை. அந்த நிருபத்தில்தான் ஆவிக்கும் மாம்சத்துக்கும் உள்ள போராட்டத்தைப் பேசுகிறார். கொரிந்து சபையோ வரங்களில் குறைவில்லாதது. அந்நியபாஷை தாராளமாகப் புழங்கிய சபை. அவர்களைத்தான் மாம்சத்துக்குரியவர்கள் என்றார். காரணம், அவர்களுக்குள் பொறாமையும் கட்சிச் சண்டையும் இருந்தன. கர்த்தருடைய பந்தியில் உள்ளவன் வயிறு முட்டத் தின்றான், இல்லாதவன் பட்டினி கிடந்தான். தொடாதே, ருசி பாராதே என்ற கட்டளைகள் மாம்சத்தை அடக்க உதவாது என்பதையும் கொலோசெயருக்கு அவரே எழுதினார்.

நம் மண்ணிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. 1623இல் கத்தோலிக்க மிஷனரி ராபர்ட் தெ நொபிலி மதுரையிலிருந்து சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்தார். புலால் மறுத்து, காவி உடுத்தி வாழ்ந்த துறவி. சரீர ஒடுக்கத்தில் இன்றைய உபவாச வீரர் யாரும் அவர் கிட்டே வர முடியாது. ஆனால் பிறப்பின் வரிசையை அவர் உலக வழக்கம் என்று விட்டுவைத்தார். மதம் மாறியவர்களுக்குப் பூணூலும் குடுமியும் ஆகலாம் என்று அதே 1623இல் போப்பாண்டவரும் அனுமதி தந்தார். அவர் வழிவந்த மதுரை மிஷனில் உயர்சாதிக்கு ஒருவகைக் குரு, தாழ்த்தப்பட்டோருக்கு வேறுவகைக் குரு என்றானது. உடலை வென்ற துறவாலும் பந்தியை ஒன்றாக்க முடியவில்லை.

சீர்திருத்தச் சபைகளும் இதில் மேலில்லை. 1833இல் பேராயர் டேனியல் வில்சன் திருச்சபைக்குள் சாதி கூடாது என்று ஆணையிட்டபோது, சாதியை விடுவதைவிடச் சபையை விடுவது மேல் என்று வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் வெளியேறினார்கள். கத்தோலிக்கரிடமும் அது போய்விடவில்லை. 2008 மார்ச்சில் அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் ஒரே கோயிலைச் சேர்ந்த கத்தோலிக்கர்கள் சாதியால் மோதிக்கொண்டார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். கொலையும் அந்தப் பட்டியலில் இருப்பது சும்மா அல்ல.

ஆவியில் நடப்பது எப்படி இருக்கும் என்று பார்க்கவும் வெகுதூரம் போக வேண்டாம். சேந்தமங்கலத்துக்கு மேலே கொல்லிமலை. அங்கே மிஷனரி ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி எவலினும் ஜெபத்தோடு மருந்துப் பெட்டியையும் கொண்டுபோனார்கள். நரம்புச் சிலந்திப் புண்ணுக்குக் கட்டுப் போட்டார்கள், பள்ளிக்கூடம் வைத்தார்கள், தச்சு வேலை கற்றுக்கொடுத்தார்கள். மலைமக்களை அவர்களிடம் நெருங்கவிடாமல் வைத்திருந்த பூசாரி ஒருவர், விஷக்காய்ச்சலில் சாகும் தறுவாயில் தம் பெண்குழந்தையை அவர்களிடமே ஒப்படைத்தார். 1929இல் கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்தார். வயதாகிவிட்டது, போக வேண்டாம் என்று மிஷன் சொல்லியும் எவலின் மலைக்கே திரும்பினார்; 1974இல் 95 வயதில் இறக்கும்வரை மலைமக்களோடுதான் இருந்தார். 1914இல் பிறந்து, சிறுவயதில் கொல்லிமலையில் வளர்ந்த அவர்கள் மகன் பால் பிராண்ட், வேலூர் சி.எம்.சி.யில், ஊரே தொடப் பயந்த தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்தினார். இந்தக் குடும்பம் உடம்பை எதிரியாகப் பார்க்கவில்லை. பிறருடைய புண்ணைத் தொட்டார்கள். அவர்களுடைய ஆவிக்குரிய வாழ்க்கை அதுதான்.

"சாதி உலகக் காரியம், அதற்கும் ஆவிக்கும் என்ன சம்பந்தம்? கல்யாணம் குடும்ப விஷயம்" என்பார்கள். அப்படியானால் தோடு மட்டும் எப்படிச் சபை விஷயமானது? மகள் காதில் கிடக்கும் அரை கிராம் தங்கத்தை விசாரிக்க அதிகாரமுள்ள பாஸ்டர், அவள் சம்பந்தத்தில் கேட்கப்படும் சாதியை விசாரிக்கத் தயங்குவது ஏன்? பதில் எல்லாருக்கும் தெரியும். தோட்டைக் கழற்றச் சொன்னால் காணிக்கை குறையாது. சாதியைக் கழற்றச் சொன்னால் பெரிய வீட்டுக் குடும்பங்கள் அடுத்த சபைக்குப் போய்விடும்.

1850இல் சென்னையில் கூடிய மிஷனரிகள் ஒரு சோதனை வைத்தார்கள்: சாதியை விட்டதன் அடையாளமாக எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இன்று அது போதாது. அன்பின் விருந்தில் ஒரே பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு ஊருக்கு ஒரு சபை, காலனிக்கு ஒரு சபை என்று கலைந்துபோக நாம் பழகிவிட்டோம்.

ஆகவே போதகர்களே, அடுத்த உபவாசக் கூட்டத்துக்கு நோட்டீஸ் அடிக்கும் முன்பு, உங்கள் சபையில் எத்தனை வீடுகள் சாதி கேட்காமல் பெண் கொடுத்தன, எடுத்தன என்று எண்ணிப் பாருங்கள். விசுவாசிகளே, உங்கள் பிள்ளைக்கு விளம்பரம் எழுதும்போது சாதிப் பெயரை அடித்துவிடுங்கள். அதை அடிக்க மனம் வரவில்லையென்றால், முதல் வரியில் இருக்கும் 'ஆவிக்குரிய குடும்பம்' என்பதையாவது அடித்துவிடுங்கள். பொய்ச் சாட்சியாவது மிஞ்சாது.