பிளஸ் டூ ஆங்கிலத்தில் 90 மார்க்... காலேஜ் புத்தகம் மட்டும் ஏன் புரிய மாட்டேங்குது?

பிளஸ் டூ ஆங்கிலத்தில் நல்ல மார்க். சினானிம்ஸ், ஆன்டனிம்ஸ் எல்லாம் தலைகீழாகத் தெரியும். ஆனால் கல்லூரியில் சேர்ந்து முதல் செமஸ்டர் புத்தகத்தைத் திறந்தால் ஒரு பத்தியைத் தாண்ட அரை மணி நேரம் ஆகிறது. தமிழ்வழியில் படித்துவிட்டுப் போகும் பல மாணவர்களின் நிலைமை இதுதான்.

பழைய பிரச்னைதானே என்று கேட்கலாம். ஆமாம். ஆனால் இப்போது இதன் கனம் கூடியிருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5% உள் ஒதுக்கீடு மருத்துவப் படிப்பில் 2020-லும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021-லும் வந்தது. சீட் கிடைக்கும் வழி திறந்துவிட்டது. உள்ளே போனதும் பாடம் ஆங்கிலத்தில். அண்ணா பல்கலைக்கழகம் 2010-ல் தமிழ்வழிப் பொறியியலைத் தொடங்கியது சிவில், மெக்கானிக்கல் பிரிவுகளில்தான். மற்றவர்களுக்கு ஆங்கிலப் புத்தகமே கதி.

அப்படியானால் பள்ளியில் இத்தனை வருஷம் மனப்பாடம் செய்த ஆங்கிலச் சொற்கள் எங்கே போயின?

தேர்வு என்ன கேட்கிறது?

பிளஸ் டூ ஆங்கில வினாத்தாளை எடுத்துப் பாருங்கள். முதல் 3 கேள்விகள் சினானிம், அடுத்த 3 ஆன்டனிம். ஆறுக்கும் தலா ஒரு மார்க். சொற்கள் பாடப்புத்தகத்தில் இருந்தே வருவதால், கைடில் உள்ள பட்டியலைப் படித்தால் போதும். பத்தாம் வகுப்பிலும் இதே கதைதான்.

பாடங்களைக் குறை சொல்ல முடியாது. ஏ.ஜே.குரோனின், ஜார்ஜ் ஆர்வெல், எட்மண்ட் ஹில்லாரி என்று நல்ல தேர்வு. நம்ம கி.ராஜநாராயணனின் 'நாற்காலி' கதைகூட ஆங்கில மொழிபெயர்ப்பில் இருக்கிறது. (கரிசல் மண்ணின் கதையில் இருந்து ஆங்கில ஆன்டனிம் படிப்பது தனி அனுபவம்தான்.) சிக்கல் என்னவென்றால், இவை எல்லாம் கதை, கட்டுரையில் வரும் சொற்கள். முகபாவம், மனநிலை, இயற்கை வர்ணனை என்று போகும். தெர்மோடைனமிக்ஸ் புத்தகத்தில் யாரும் பெருமூச்சு விடுவதில்லை.

காலேஜ் புத்தகத்தில் இருப்பது வேறு சொற்கள்

ஆங்கிலச் சொற்களில் எதை முதலில் படிக்க வேண்டும் என்பது பல காலமாக ஆராயப்படும் விஷயம். இதில் நம்ம பக்கத்துத் தொடர்பு ஒன்று உண்டு. மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயக் கல்வியாளர், அன்றைய வங்காளத்தில் டாக்காவில் பணியாற்றியவர். வங்காள மாணவர்கள் ஆங்கிலம் படிக்கத் திணறுவதைப் பார்த்து இதே கேள்வியில் இறங்கியவர். அவர் 1953-ல் வெளியிட்ட பட்டியலில் அடிப்படையான சுமார் 2,000 சொற்கள் இருந்தன.

அதற்கு அடுத்த படி, நியூசிலாந்தைச் சேர்ந்த ஏவ்ரில் காக்ஸ்ஹெட் 2000-ல் வெளியிட்ட பட்டியல். கலை, வணிகம், சட்டம், அறிவியல் என நான்கு துறை நூல்களில் சுமார் 35 லட்சம் சொற்களை அலசினார். வெஸ்ட் பட்டியலில் இல்லாத, ஆனால் எல்லாத் துறைகளிலும் திரும்பத் திரும்ப வரும் சொற்களைத் தொகுத்தபோது கிடைத்தது வெறும் 570 சொற்குடும்பங்கள். அனலைஸ், அனாலிசிஸ், அனாலிட்டிக்கல் மூன்றும் சேர்ந்து ஒரு குடும்பம், அந்தக் கணக்கில்.

இந்த 570-ம் கல்லூரிப் புத்தகங்களில் ஏறத்தாழ 10% இடத்தைப் பிடிக்கின்றன. அதாவது, இவை தெரியாவிட்டால் பத்து சொல்லுக்கு ஒரு சொல் இடறும். ஒரு வரிக்கு ஒரு மேடு என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

என்னென்ன சொற்கள்? அஸ்யூம், டெரைவ், எவாலுவேட், அப்டெய்ன், ஹென்ஸ், வேர்ஆஸ், நெவர்தலெஸ். பார்க்க சாதாரணமாக இருக்கிறதா? அதனாலேயே இவற்றை யாரும் சொல்லித் தருவதில்லை. ஆங்கில ஆசிரியர் கதையில் வரும் கடினச் சொற்களைப் பார்ப்பார். இயற்பியல் ஆசிரியர் கலைச்சொற்களைப் பார்ப்பார். நடுவில் நிற்கும் இந்தக் கூட்டத்துக்கு ஆசிரியரே இல்லை. தேர்வில் 'டெரைவ்' என்று கேட்டால் வருவிக்க வேண்டும், 'எவாலுவேட்' என்றால் மதிப்பு காண வேண்டும். இது புரியாதவருக்குக் கணக்கு தெரிந்தும் மார்க் போகும்.

இன்னொரு வில்லங்கமும் உண்டு. ஒரே சொல் இடத்துக்கு இடம் மாறும். வேதியியலில் 'சொல்யூஷன்' என்றால் கரைசல், கணக்கில் தீர்வு. உயிரியலில் 'டிஃபரன்ஷியேட்' என்றால் வேறுபடுத்திக் காட்டு. கணக்கில் அதே சொல் வகைக்கெழு காணச் சொல்கிறது. ஒரு சொல்லுக்கு ஒரு அர்த்தம் என்று கைடு கற்றுக்கொடுத்த பழக்கம் இங்கே காலை வாரிவிடும்.

அமெரிக்காவிலும் இதே கூத்து நடந்தது

அமெரிக்க மாணவர்கள் கல்லூரிக்குப் போக எழுதும் எஸ்ஏடி தேர்வுக்காக, வாழ்க்கையில் ஒருமுறைகூடப் பயன்படாத சொற்களை அட்டை அட்டையாக எழுதி மனப்பாடம் செய்வது பல தலைமுறைப் பழக்கம். 1994-ல் எதிர்ச்சொல் கேள்விகளை எடுத்தார்கள். 2005-ல் சொல் ஒப்புமைக் கேள்விகள் போயின. 2016-ல் அரிய சொற்களை வைத்துக் கோடிட்ட இடம் நிரப்பும் பகுதியும் போனது. இப்போது ஒரு பத்தியைக் கொடுத்து, 'இந்தச் சொல் இங்கே என்ன பொருளில் வருகிறது' என்று கேட்கிறார்கள். பட்டியல் மனப்பாடம் அங்கே பெரிதாகச் செல்லாது.

நம்ம வினாத்தாளில் அந்த 6 மார்க்கையும் இப்படி மாற்றலாம் என்பதே என் கருத்து. படித்த பாடத்துக்குப் பதில், பார்க்காத ஒரு அறிவியல் பத்தி. பாஸ் விழுக்காடு குறையும் என்ற பயம் வரும்தான். 90 மார்க் தாளில் 6 மார்க்குக்கு அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை.

அப்போ மனப்பாடம் வேஸ்ட்டா?

அப்படிச் சொல்ல முடியாது. திண்ணைப் பள்ளிகளில் நிகண்டை மனப்பாடம் செய்துதான் நம்மவர்கள் தமிழ்ச் சொல்வளம் சேர்த்தார்கள். ஆனால் நிகண்டு படித்தவர் அடுத்து இலக்கியம் படித்தார். அங்கே அந்தச் சொற்களை மறுபடி மறுபடி சந்தித்தார். இங்கே பப்ளிக் எக்ஸாம் முடிந்ததும் சொல்லோடு உறவும் முடிந்துபோகிறது.

தமிழ்வழி மாணவர்களுக்கு ஒரு சாதகமும் இருக்கிறது, யாரும் அதைச் சொல்வதில்லை. 'போட்டோசிந்தெசிஸ்' பல ஆங்கிலவழி மாணவர்களுக்கு வெறும் பெயர். 'ஒளிச்சேர்க்கை' என்று படித்தவருக்கு அதன் பொருளே கையில் இருக்கிறது. போட்டோ என்றால் ஒளி, சிந்தெசிஸ் என்றால் சேர்க்கை. தெர்மோ வெப்பம், மைக்ரோ நுண், ஹைட்ரோ நீர். இந்தச் சாவியால் நூற்றுக்கணக்கான சொற்களைத் திறக்கலாம். எல்லாம் திறக்காது, 'அல்ஜீப்ரா' அரபியில் இருந்து வந்தது, இயற்கணிதத்தோடு அது பொருந்தாது.

இப்போதே என்ன செய்யலாம்?

570-ஐ நாளுக்கு 2 என்று பிரித்தால் 285 நாள். பிளஸ் ஒன்னில் ஆரம்பித்தால் தாராளமாக முடியும். சொல்லைத் தனியாக எழுதாமல், அது வரும் வரியோடு எழுதுங்கள். இன்று படித்ததை நாளை, நாலு நாள் கழித்து, அடுத்த வாரம் என இடைவெளி விட்டுத் திரும்பப் பாருங்கள். ஒரே ராத்திரியில் ஐம்பது படிப்பதைவிட அது நிற்கும்.

இதற்குத் தனியாகப் புத்தகம் வாங்க வேண்டாம். பிளஸ் டூ பாடநூல்களின் ஆங்கிலவழிப் பதிப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழில் ஏற்கெனவே புரிந்த ஒரு பாடத்தை அதில் படித்தால், தெரியாத சொல்லின் பொருள் தானாகவே பிடிபடும். அதைவிட எளிது, பழைய அறிவியல், கணித வினாத்தாள்கள். ஒவ்வொரு கேள்வியும் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சாகியிருக்கும். 'வருவி' இருக்கும் கேள்வியின் ஆங்கில வடிவத்தில் 'டெரைவ்' இருக்கும். தேர்வு அறையில் பலரும் தங்கள் மொழியை மட்டும் படித்துவிட்டுத் தாண்டிவிடுகிறார்கள்.