வீச்சுவலைக்குக் கிடைத்த விலக்கு

சித்தாண்டிப் பக்கம் வாவிக்கரையில் ஒருவரோ இருவரோ தோணியில் நின்று கையால் வலை வீசி இறால் பிடிப்பதைச் சகோதரிகள் பார்த்திருப்பீர்கள். அந்த வீச்சுவலையைப் பற்றி அமெரிக்க அரசாங்கமே கணக்கெடுத்து வைத்திருக்கிறது என்றால் நம்புவீர்களா?

கடலாமைகளைக் கொல்லும் முறையில் பிடித்த இறாலை வாங்கமாட்டோம் என்று 1989இல் அந்நாடு சட்டம் செய்தது. ஆமை தண்ணீரில் வாழ்ந்தாலும் மூச்சுவிட மேலே வரவேண்டிய பிராணி. எஞ்சின் படகு இழுத்துச் செல்லும் பெரிய மடிவலைக்குள் அகப்பட்டால் மூச்சுமுட்டி இறந்துவிடும். வலைக்குள் ஒரு கம்பிச் சட்டத்தைச் சாய்வாகப் பொருத்தினால், இறால் கம்பிகளுக்கிடையே புகுந்து உள்ளே போகும். ஆமை மோதி, அங்குள்ள திறப்பால் வெளியேறிவிடும். செலவும் பெரிதில்லை.

நல்ல காரியந்தானே, பிறகேன் வழக்கு? கரீபியன் பக்கத்து நாடுகளுக்கு மூன்று வருட அவகாசம் கொடுத்த அமெரிக்கா, மற்றவர்களுக்கு நான்கே மாதம் கொடுத்தது. இந்தியா, பாகிஸ்தான், மலேசியா, தாய்லாந்து ஆகிய நாடுகள் உலக வர்த்தக நிறுவனத்தில் முறையிட்டன. 1998இல் வந்த மேன்முறையீட்டுத் தீர்ப்பு, ஆமையைக் காக்க இறக்குமதியைக் கட்டுப்படுத்தலாம், ஆனால் ஆளுக்கொரு நீதி கூடாது என்றது. என் மனதுக்கு இது நியாயமாகவே படுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் சீல் தோலுக்கு 2009இல் விதித்த தடை பற்றிய வழக்கிலும், மக்களின் ஒழுக்க உணர்வு ஒரு காரணமாகலாம் என்று 2014இல் ஒப்புக்கொண்டார்கள். மிங்க், நரி, சின்சில்லா ஆகியவற்றின் உரோமத்தை இந்தியா 2017இல் தடுத்தது.

இலங்கைக்கு வந்த விலக்குதான் சுவையானது. ஐந்து பேருக்குக் குறைந்த சிறு படகில், இயந்திரமின்றிக் கையால் வலை இழுப்பவர்கள், அல்லது ஆமைக்கு ஊறில்லாத வேறு வழியில் பிடிப்பவர்கள் என்று கண்டு, நம் நாட்டையும் பட்டியலில் சேர்த்தார்கள். ஏழையின் தொழில்முறையே அவனுக்குச் சான்றிதழ்!

நம் ஷாஃபி மத்ஹபில் ஆமை உண்பதில்லை, நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். ஆமை சட்டிக்கு வராது, இறால் வருகிறதே! தாய்ப்பறவை தவித்துச் சிறகடித்ததைக் கண்டு, தோழர்கள் எடுத்த குஞ்சுகளைத் திருப்பி வைக்கச் சொன்னவர்கள் நம் அண்ணலார் (ஸல்).

இழுவைமடித் தொழிலை நம் பாராளுமன்றமும் 2017இல் தடை செய்தது. அது ஆமைக்காக மட்டுமல்ல. அடிநிலத்தையே வாரிச் செல்லும் அந்த வலைக்குப் பின்னால், கையால் வீசுகிறவனுக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை.