ஒரு பிளவை மூடினால் என்ன ஆகும்?

பிளஸ் டூ இயற்பியலில் அலை ஒளியியல் ஞாபகம் இருக்கா மக்களே? யங் இரட்டைப் பிளவு, பட்டை அகலம், லாம்டா டி பை டி. அஞ்சு மார்க் டெரிவேஷன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுதியிருப்போம்.

போன மாசம் மயிலாப்பூரில் பக்கத்து வீட்டுப் பிளஸ் டூ தம்பிக்கு டவுட் சொல்லப் போனேன். தி. நகரில் டியூஷன் போகிறவன். டெரிவேஷனை மூச்சு விடாமல் எழுதினான். மொத்த செட்டப்பையும் தண்ணிக்குள்ள வெச்சா? பட்டை அகலம் முக்கால்வாசியா குறையும்னு சரியா சொன்னான். ஒரு பிளவை அட்டையால மூடினா?

"பாதிப் பட்டை காணாமப் போயிடும்ணா."

தப்பு. ஒரு பிளவு மட்டும் தரும் வெளிச்சத்தை 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். ரெண்டும் திறந்திருந்தால் பொலிவுப் பட்டையில் 4, கரும்பட்டையில் 0. ஒன்றை மூடினால் திரையின் நடுப்பகுதியில் எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட 1. பட்டைகளே இருக்காது. மூடியதால் இருட்டாக இருந்த இடத்தில் வெளிச்சம் வருகிறது! அலை என்றால் இதுதான். அவன் மனசிலோ ஒளி இன்னும் ரெண்டு குழாயில் வரும் தண்ணி.

இந்தப் பையனுக்குப் பரீட்சையில் ஃபுல் மார்க் விழும். கட்-ஆஃப் 200ல் இயற்பியலின் 50ம் சுளையாகச் சேரும். அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. முதல் வருஷ லேபில் லேசரைப் பார்க்கும்வரை நானும் அதே கேஸ்தான்.

மெரினா எதிரே மாநிலக் கல்லூரியில் சி.வி. ராமன் மாணவராக இருந்தபோது, நிறமாலைமானியில் முப்பட்டகத்தின் கோணத்தை அளக்கையில் சமச்சீரில்லாத பட்டைகளைக் கவனித்தார். அதுதான் 1906இல் 'பிலாசபிக்கல் மேகசின்' இதழில் வந்த அவரது முதல் கட்டுரை. வயசு 18. அதே நிறமாலைமானியும் முப்பட்டகமும் இன்றைக்கும் பிளஸ் டூ செய்முறையில் இருக்கின்றன. நம்மிடம் கேட்பது மீச்சிற்றளவு எவ்வளவு என்றுதான். "சார், ஓரத்தில ஏதோ கோடு தெரியுது" என்றால், "ரீடிங்கை எடுப்பா" என்பார்கள்.

இத்தனை பேரை உட்கார வைத்து வாய்மொழியாகக் கேட்க முடியாது, ஒத்துக்கிறேன். டெரிவேஷனில் ரெண்டு மார்க்கைக் குறைத்து, 'ஒரு பிளவை மூடினால் என்ன தெரியும், ஏன்?' என்று கேட்கலாமே? திருத்த நாலு வரிதான்.

தம்பி கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். அப்புறம் கேட்டான்: "அப்போ கரும்பட்டைல விழ வேண்டிய வெளிச்சம் எங்கண்ணா போச்சு?"

4க்கும் 0க்கும் சராசரி போட்டுப் பாருடா என்றேன்.