என்ன படம்ல அது?

போன வாரம் திருச்செந்தூர்ல இருந்து எங்க பெரியப்பா மகன் போன் போட்டாரு. அண்ணனுக்குப் பார்வை கிடையாது. ஆனா கணினியில என்னைய விட வேகம். என்.வி.டி.ஏ.ன்னு ஒரு இலவச மென்பொருள் திரையில உள்ளதை அவருக்கு வாசிச்சுக் காட்டும்.

"ஏல, ஒரு விண்ணப்பம். எல்லாத்தையும் நிரப்பிட்டேன். கடைசில 'படம்'னு மட்டும் சொல்லுது. என்ன படம்ல அது?"

பார்த்தா, கோணல்மாணல் எழுத்துல கேப்சா. காதால கேட்டுப் போட வழியே இல்ல. கடைசில அவரோட கடவுச்சொல்லை வாங்கி நான்தான் முடிச்சுக் கொடுத்தேன். யாருக்குப் பாதுகாப்புங்க இது?

"தனியாச் செய்யச் செலவாகும்"னு சொல்லாதீங்க. படத்துக்கு மாற்று எழுத்து கொடுங்கன்னு 1999-லயே டபிள்யூ3சி விதி போட்டாச்சு. ஒரு வரி தட்டுறதுக்கு என்ன செலவு? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் சொல்லுது. 2025 ஏப்ரல் 30-ல உச்ச நீதிமன்றம், இணைய வசதி கிடைக்கிறது அரசியல் சட்டம் 21-வது பிரிவு தர்ற வாழ்வுரிமையில சேர்ந்ததுன்னே சொல்லிருச்சு. அப்போ இது சலுகை இல்ல, உரிமை.

நாம மட்டும் யோக்கியமா? கவிதையைப் படமாக்கிப் போடுறோம். அண்ணனுக்கு அது வெறும் 'படம்'தான்.

இன்னிக்கே உங்க பழைய இடுகை ஒண்ணைத் திறங்க மக்கா. கண்ணை மூடிக்கிட்டு அதைக் கேட்டுப் பாருங்க. அப்புறம் பேசுவோம்.